ஐஸ் மேல் கரைவலை

ஆஸ்லோ,
ஆகஸ்ட் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நெத்திலிக் கருவாடு பத்திரமாக வந்து சேர்ந்தது. பொரித்த அன்று மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "வீட்டில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். "இல்லை, ஊர் ஞாபகம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

போன வாரம் மலையேறினேன். சிரிக்காதீர்கள். கந்தமாதன பர்வதத்தில் ராமர் பாதம் பார்க்கப் போய், பாதி வழியில் சர்பத் கேட்டு உட்கார்ந்தவன்தான். ஆனால் இங்கே நாலு பேர் சேர்ந்து இழுத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணத்து அண்ணன்கள் இரண்டு பேர், மதுரைக்காரர் ஒருவர், கூட வேலை பார்க்கும் நார்வேக்காரப் பெண் ஒருவர்.

மலைக்குப் பேர் கால்ஹோபிகன். நார்வேயிலேயே இதுதான் உயரம், 2,469 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637. அதன் உச்சிக்கு வேனில் போய் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்த கதையைக் காரில் நான் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே பனியாறு உண்டா?" என்றார். அதோடு வாயை மூடினேன்.

யூவாஸ்ஹிட்டா என்ற விடுதி வரை, அதாவது 1,841 மீட்டர் வரை, காரே ஏறிவிடுகிறது. மிச்சம் 628 மீட்டர்தான் நம் பொறுப்பு. முதல் நாள் மேகம் மூடி, வழிகாட்டி வர மறுத்துவிட்டார். மதுரைக்காரருக்குக் கோபம். எனக்குப் புரிந்தது மாமா: பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாச்சு என்றால் வள்ளம் இறங்காது, அதே மாதிரி. இங்கே மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதி வைத்திருக்கிறார்கள். பாதியில் திரும்பி வருவது வெட்கமில்லை என்பதும் அதில் ஒன்று.

மறுநாள் வெயில். வழியில் ஸ்டிக்கெப்ரேன் என்ற பனியாறு. அவலட்சணப் பனியாறு என்று அர்த்தமாம். பார்க்க அப்படி இல்லை. ஐஸ் கம்பெனியில் பாரை உடைத்துக் கொட்டினது போல வெளேரென்று கிடந்தது. வஞ்சகமெல்லாம் அடியில். பனியாறு மெல்ல நகரும்போது வெடித்துப் பிளக்கும், பிளவின் மேல் புதுப்பனி விழுந்து மூடிக்கொள்ளும். காலை வைத்தால்தான் தெரியும். அதனால் இடுப்பில் வார் மாட்டி, எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்தார்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கயிறு தரையில் தொய்யக் கூடாது.

கரைவலை இழுத்த கை எனக்கு. அங்கே கயிறு நம் கையில் இருக்கும். இங்கே நாம் கயிற்றில் இருந்தோம். மீனின் பக்கத்து நியாயம் அன்றுதான் விளங்கியது. மதுரைக்காரர் செல்பிக்கு நின்றால் மொத்தக் கயிறும் நிற்கும். அவர் நடந்தால் என் இடுப்பு முதலில் கிளம்பும், கால் பிறகு வரும். பின்னாலிருந்து யாழ்ப்பாணத்து அண்ணன், "பயப்பிடாதையும் தம்பி, கயிறு இருக்கெல்லோ" என்றார். அவர் பல்லும் தந்தியடித்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கட்டத்தில் பழக்கதோஷத்தில் "ஏலேலோ" என்று குரல் கொடுத்துவிட்டேன். வழிகாட்டி பதறித் திரும்பி, "யார் விழுந்தது?" என்றார்.

வாடகை பூட்ஸ் நடுவழியில் வாயைப் பிளந்தது. 22 தீர்த்தமும் ஆடி நடுங்காத உடம்பு, ஒரே ஒரு பெருவிரலுக்காக நடுங்கியது.

உச்சியில் கோயில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒரு பெட்டிக்கடை இருந்தது. எங்களோடு வந்த நார்வேக்காரப் பெண் ரொட்டிமேல் பழுப்பாக எதையோ சீவி வைத்துக் கொடுத்தார். பார்த்தால் அசல் கருப்பட்டி! ப்ரூனோஸ்ட் என்கிறார்கள். பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரை, நம்மூரில் பதநீர் காய்ச்சுகிற மாதிரியே வற்றக் காய்ச்சி எடுப்பது. தித்திப்பு சரி, பனை வாசனைதான் இல்லை.

எதிரே கிளிட்டெர்டிண்ட் என்று இன்னொரு மலை. அதன் தலையில் உறைந்த பனியையும் சேர்த்து அளந்து, அதுதான் உயரம் என்று ஒரு காலத்தில் வாதாடினார்களாம். பனி உருகியது, வழக்குத் தோற்றது.

அம்மாவிடம் மலைக்குப் போனான் என்று மட்டும் சொல்லுங்கள். கயிறு, பிளவு எதுவும் வேண்டாம். இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது கருப்பட்டி ஒரு கிலோவும் முண்டு மிளகாய் அரைக் கிலோவும் கொடுத்துவிடுங்கள். கருவாடு இப்போதைக்கு வேண்டாம். மாடி வீட்டுக்காரர் வீட்டை விற்கப் பார்க்கிறாராம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்