இறக்குமதிப் பயிற்சியாளர்

தேசியக் கூடைப்பந்து அணிக்கு வெளிநாட்டுப் பயிற்சியாளரை அழைப்பது, தலைதீபாவளிக்கு ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்கும் மாப்பிள்ளையை வரவேற்பது போன்றது: உபசாரம் முதலில், கணக்குப் பிறகு. சீனா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அமெரிக்கரான டெல் ஹாரிஸை அமர்த்தியது, எட்டாம் இடம். 2008 பெய்ஜிங்குக்கு லிதுவேனியரான யோனாஸ் கஸ்லாவுஸ்காஸ், மறுபடியும் எட்டு. கண்டம் மாறியது, எண் அசையவில்லை. 2013-இல் கிரேக்கரான யன்னாகிஸ் ஆசியப் போட்டியில் ஐந்தாம் இடம் வாங்கித் தந்து, மூட்டை கட்டினார்.

இந்தியாவும் 2012-இல் அமெரிக்கரான ஸ்காட் ஃபிளெமிங்கை வரவழைத்தது. 2014 ஜூலையில் வூஹானில், சீனாவின் சொந்த மண்ணிலேயே, இந்தியா 65-58 என்று முதன்முறையாகச் சீனாவை வென்றது. கிரிக்கெட் தேசம் இதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்தது. அடுத்த ஆண்டே ஃபிளெமிங் விடைபெற்றார். பின்னர் செர்பியரான வெசலின் மாட்டிச் வந்தார், மறுபடியும் உபசாரத்திலிருந்து.