ஃபிரேமில் விழும் கத்தரிக்காய்

பெருமதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

எங்கள் வட்டத்துக்குத் தாங்கள் ஏற்றியிருக்கும் பொலிவைப் பாராட்டி ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் காவலாளி ஒருவர் விசிலடித்து அதற்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார்.

பூங்காச் சுவரை ஒட்டிக் கீரைக்காரம்மாக்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஆளுயர விளக்கெழுத்தில் 'நம்ம ஏரியா' என்று நிற்கிறதல்லவா? அதன் ஓரத்தில் ஒரு பாட்டி ஈரச் சாக்கை விரித்து முளைக்கீரைக் கட்டும் நாலு கூறு கத்தரிக்காயும் வைத்திருந்தார். நான் குந்தி உட்கார்ந்து சொத்தை பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். விசில். "சார், பையைத் தூக்கிட்டு அந்தாண்ட போங்க. போட்டோ எடுக்கறாங்க, ஃபிரேம்ல விழறீங்க." நிமிர்ந்தால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, "கொஞ்சம் நகருங்க அங்கிள்" என்று கையைக் காட்டுகிறது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. சாக்கின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து எழுந்துகொண்டார். அவருக்குப் பழகிவிட்டது. சொந்தத் தெருவில் காய்கறிப் பையோடு நிற்பது பார்வைக்குக் கேடு என்பது எனக்குத்தான் புதுச் செய்தி.

தங்களைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தக் கோணத்தில் வைத்தாலும் முகவெட்டு போதவில்லை. ஃபிரேமுக்கு லாயக்கில்லாத காய்தான். எண்ணெயில் வதக்கியபோது மட்டும் ருசியாக இருந்தது. அது நகர அழகியலில் சேராது.

எங்கள் தெருக்காரர்கள் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்திருந்தோம். வருஷம் முழுக்க நடக்கிற ஒரு சந்தை வேண்டும். மேலே கூரை, குழாயில் தண்ணீர், பூட்டாத கழிப்பறை. அவ்வளவுதான் கேட்டது. 'தங்கள் கோரிக்கை தீர்வு செய்யப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. பின்னாலேயே ஒரு விளக்கமும் வந்தது: ஆண்டுதோறும் மூன்று நாள் உணவுத் திருவிழா நடத்தப்படுவதால் தனியாகச் சந்தை தேவைப்படவில்லையாம். மகிழ்ச்சி. மிச்சமுள்ள 362 நாளும் நாங்கள் திருவிழாவில் எடுத்த படங்களைப் பார்த்துப் பசியாறிக்கொள்கிறோம். ராகி லட்டு ஃபிரேமுக்குள் நன்றாகவே விழுந்திருக்கிறது.

சந்தை என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியாத சங்கதியா என்ன? 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் திறந்துவைத்தார். விளைவித்தவரே கொண்டுவந்து விற்க வேண்டும். அவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, இலவசத் தராசு, வாடகையில்லாத கடை. மொத்த விலைக்கும் வெளிக்கடை விலைக்கும் நடுவில் ஒரு விலையைத் தினமும் காலையில் பலகையில் எழுதிப் போட்டார்கள். 2001-இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. தக்காளிக்குக் கட்சி இல்லை, தராசுக்கு உண்டு. எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் உழவர் சந்தைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே தக்காளியாக வாங்கியது வீட்டுப் படியேறும்போது சட்னியாகிவிடுகிறது.

ஊருக்கு ஒரு பெரிய சந்தை போதாதா என்று தங்கள் பொறியாளர் கேட்டாராம். சென்னையில் கொத்தவால் சாவடியைக் காலி செய்து 1996-இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2020 மே மாதம் கொரோனாவால் அந்த ஒரு கதவை மூட வேண்டிவந்தபோது நகரம் முழுவதும் காய்கறிக்கு அலைந்ததைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்கு ஒரு சின்னச் சந்தை இருந்தால் ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

உள்ளூர் உதாரணம் ஃபிரேமுக்குள் எடுபடாது என்றால் ஸ்பெயினுக்குப் போவோம். பார்சிலோனாவின் லா போக்கேரியா சந்தைக்குப் படமெடுக்க வந்த கூட்டத்தில் காய் வாங்க வந்தவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. 2015-இல் அந்த நகராட்சி ஒரு காரியம் செய்தது: வெள்ளி, சனிக் கிழமைகளில் கடை மும்முரமாக நடக்கும் நேரத்தில் 15 பேருக்கு மேற்பட்ட சுற்றுலாக் குழுக்களுக்குத் தடை. காய் வாங்குகிறவருக்காகக் காமிராக்காரரை நகரச் சொன்ன நகராட்சியும் உலகத்தில் இருக்கிறது. பாவம், அவர்களுக்கு விளக்கெழுத்தின் அருமை தெரியவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்திலும் சிலர் சந்தை என்றால் நாற்றம், நெரிசல் என்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஐந்து ரூபாய்க் கொத்தமல்லி கொண்டுவரச் சொல்லி, அதைக் கொண்டுவருகிற பையன்களின் வண்டிகளால் தெருமுனையை அடைத்து வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். அதை விடுங்கள்.

விட முடியாத ஒன்று இருக்கிறது. விடியுமுன் முதல் பஸ்ஸில் கூடையோடு வந்திறங்குகிற பெண் மதியம் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவாள்? பூங்காவுக்குள் கழிப்பறை இருக்கிறது, பூட்டுப் போட்டு. அதன் திறப்பு விழாப் படம் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அழுகும் பொருளைப் பறிமுதல் செய்தால், கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். உங்கள் லாரியில் ஏறிய கீரைக்கட்டு என்றைக்காவது இறங்கியிருக்கிறதா? காலையில் 900 ரூபாய் தண்டல் வாங்கிச் சாயங்காலம் 1,000 ரூபாயாகக் கட்டுகிறவளின் முதல் அது. 2020-இல் ஸ்வநிதி என்று ஒரு திட்டம் வந்தது. வியாபாரம் செய்ய அப்போது முதல் தவணை 10,000 ரூபாய் கடன். அந்தக் கடனுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பதும் உள்ளாட்சிதான், கடனில் வாங்கிய கூடையை எட்டி உதைப்பதும் உள்ளாட்சிதான். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. படத்தில் சத்தம் பதிவாகாது என்ற தைரியம்தான்.

தங்கள் பெருந்தன்மையை நம்பி ஒரு யோசனை சொல்கிறேன். குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் மாநகராட்சியின் பழைய லாரிப் பட்டறை சும்மா கிடக்கிறது. முழங்கால் உயர முள்செடி, இரண்டு துருப்பிடித்த குப்பை வண்டி, ஒரு நாய்க் குடும்பம். அங்கே தகரக் கூரை போட்டு, தரையில் வாட்டம் வைத்துச் சிமென்ட் பூசி, வரிசையாக மேடை கட்டினால் போதும். காலையில் காயும் கீரையும், ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மீன், சாயங்காலம் சுண்டலும் பணியாரமும். கழியும் தழையையும் தோலையும் அங்கேயே குழியில் போட்டால் பூங்காவுக்கு உரம். மழைக்காலத்திலும் நடக்கும், கத்திரி வெயிலிலும் நடக்கும். கட்டடக் கலைஞரை அழைக்க வேண்டியதில்லை. உணவு வளாகம், அனுபவ மையம் என்றெல்லாம் பெயர் வைக்கவும் வேண்டாம். அப்படிப் பெயர் வைத்தால் கத்தரிக்காய் கூறு விலையை விட்டுவிட்டுத் துண்டு விலைக்குப் போய்விடும்.

தங்கள் கலையார்வத்துக்கும் குறை வைக்கவில்லை. விளக்கெழுத்தைப் பட்டறை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஜோடிகள் ஆளுக்கொரு முருங்கைக்காய் வாங்கிக் கையில் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளட்டும். ஃபிரேமும் நிறையும், வியாபாரமும் ஆகும்.

இப்போதைக்குத் தாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. நகர விற்பனைக் குழுவைக் கூட்டுங்கள். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று அதே சாலையோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறது; தயவுசெய்து மாமன்ற உறுப்பினரின் மைத்துனரைக் கீரை வியாபாரி என்று எழுதிவிடாதீர்கள். பூங்காக் கழிப்பறையை நாளைக்கே திறக்கச் சொல்லுங்கள், அதற்கு எந்தக் குழுவும் வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கூரை ஏறிவிட வேண்டும். பட்டறையின் சாவி தங்கள் மண்டல அலுவலகத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வட்டத்தில் சொத்து வரி பாக்கியில்லாத ஒருவர்