கைவிரிக்க இயலாதோர்

தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிப்போவதால், கை தன் வீச்சை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக இழந்துவரும் நோய் ‘உறைந்த தோள்’ எனப்படும். 1872ஆம் ஆண்டில் தியூப்ளே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதனை விரித்துரைத்தார். 1934இல் பாஸ்டன் நகரத்து எர்னெஸ்ட் காட்மன் இன்றைய பெயரைச் சூட்டினார். சித்த மருத்துவர்கள் இதனைக் கும்பவாதத்தோடு ஒப்பிடுவர். ஜப்பானியரோ சுற்றி வளைக்காமல் ‘ஐம்பது வயதுத் தோள்’ என்றே வழங்குகின்றனர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டோரையும், ஆண்களைவிடப் பெண்களையும், குறிப்பாக நீரிழிவு உள்ளோரையும் நாடிவரும் இந்நோய்க்கு இது பொருத்தமான பெயரே எனினும், வயதை மறைத்து வாழ்பவர்கள் அந்நாட்டில் தம் வலியையும் சேர்த்தே மறைக்க நேரும்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில், சிறு தட்டில் வைத்த தேங்காயைப் போல அமர்ந்திருக்கிறது. உடலின் வேறெந்த மூட்டுக்கும் இல்லாத வீச்சு தோளுக்கு வாய்த்ததற்கு இந்த அமைப்பும், மூட்டைப் போர்த்தியுள்ள உறையின் தொளதொளப்புமே காரணம். அவ்வுறை முதல் சலவையிலேயே சுருங்கிய சட்டையைப் போல இறுகும்போது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவு முதன்மையாகப் பாதிக்கப்படுகிறது. இந்த அசைவைத்தான் தமிழர் ‘கையை விரித்தல்’ என்பர். கடன் கேட்டு வருபவரிடம் கூட முறையாகக் கைவிரிக்க இயலாத நிலைக்கு நோயாளி தள்ளப்பட, அவருக்காக அவ்வினையைச் செய்துகாட்டும் பொறுப்பை மருத்துவர் ஏற்றுக்கொள்கிறார்.

இந்நோயின் ஆகப்பெரிய கொடுமை அது விட்டுவைக்கும் அசைவில்தான் இருக்கிறது. இலையிலிருந்து கவளத்தை எடுத்து வாயில் இடுவது பெரும்பாலும் முழங்கையின் பணியாதலால், பரணில் உள்ள அண்டாவை இறக்கவும், கொடியில் துணி உலர்த்தவும், முதுகுக்குச் சோப்புப் போடவும் இயலாத ஒருவர், மூன்றாம் முறையும் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதற்கு எவ்விதத் தடையும் இருப்பதில்லை. எக்ஸ்ரே படமும் பெரும்பாலும் குறையற்றதாகவே வந்துசேர்வதால், வலி உண்மையா என்னும் ஐயம் குடும்பத்தாருக்கு எழுவது இயல்பே. இரவில் அந்தத் தோளின் மேல் புரண்டு படுத்து எழுப்பும் அலறல் ஒன்றே நோயாளி தரப்புச் சான்றாகும்; அச்சமயம் பிறர் உறங்கிக்கொண்டிருப்பர். கோயிலில் இரு கைகளையும் தலைக்கு மேல் குவிக்க முயன்று ஒரு கை பாதியிலேயே நின்றுவிட, அவர் இறைவனை வணங்குகிறாரா, ஆட்டோவை நிறுத்துகிறாரா என்று பக்கத்தில் நிற்பவர் குழம்புவதும் உண்டு.

இயன்முறை மருத்துவக் கூடத்தில், சுவரில் பொருத்திய விரல் ஏணியில் விரல்கள் படிப்படியாக ஏற வேண்டும். காட்மன் பெயரால் வழங்கும் ஊசல் பயிற்சியில், மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். வீட்டுக் குழந்தைகள் யானை என்று கருதி வாழைப்பழத்தை நீட்டும் அளவுக்கு அக்காட்சி தத்ரூபமாக அமைந்துவிடுவதுண்டு. இதனிடையே நொச்சி இலை ஒத்தடம், கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பு, சுளுக்கு எடுப்பவரின் முகவரி என்று உறவினரின் பரிந்துரைகள் குவிகின்றன. இறுகிய உறையைச் சுளுக்கென்று எண்ணி வலிந்து இழுப்பது தீங்காகலாம் என்பதால், அம்முகவரியை மட்டும் தொலைத்துவிடுதல் நலம்.

வலி மிகும் பருவம், இறுகிய பருவம், இளகும் பருவம் என மூன்றையும் கடக்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். சிலருக்குச் சிறிது இறுக்கம் எஞ்சினாலும், பலருக்குத் தோள் பெருமளவு தானாகவே இளகிவிடுகிறது. எனினும் ‘தானாகவே’ என்னும் சொல்லை எக்குடும்பமும் ஏற்பதில்லை. கை மேலெழுந்த அந்த வாரத்தில் அலமாரியில் எந்தத் தைலம் இருந்ததோ அதற்கே முழுப் புகழும் சேர, மீதமிருக்கும் அரைப் புட்டியைத் தாளில் சுற்றி, சட்டை மாட்டும்போது தோள் லேசாகப் பிடிக்கிறது என்று சொல்லத் தொடங்கியிருக்கும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றனர்.