சிக்கனத்தின் செலவு

காய்கறி விலை ஏறும்போதெல்லாம் நம் நகரத்துக் கிருகஸ்தர்களுக்குச் சிக்கனத்தின்மீது திடீர்ப் பக்தி பிறந்துவிடுகிறது. அந்தப் பக்தியின் முதற்காரியமாக, கோயிலுக்குப் புறப்பட்டவன் அர்ச்சனைத் தட்டு வாங்குவதைப்போல, கடைக்குச் சென்று குரோ பேக்குகளும், தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும், மண்புழு உரமும், பூவாளியும், நிழல்வலையும், கையுறையும் வாங்கிவந்து மொட்டைமாடியை நிரப்பிவிடுகிறார்கள். அஞ்சறைப்பெட்டி வெந்தயமும், இரண்டாக உடைத்துத் தூவினால் முளைத்துவிடும் கொத்துமல்லி விதையும், குப்பைக்குப் போகவிருந்த நாட்டுத் தக்காளியும், அடியில் ஓட்டை விழுந்த பழைய வாளியும், அரிசி களைந்த நீரும் சல்லிக்காசு கேளாமல் இதே கைங்கரியத்தைச் செய்துவிடுமென்று வீட்டுப் பாட்டி எடுத்துரைத்தால், அது சாஸ்திரீயமன்று என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுகிறார்கள். 1940-களின் யுத்தகாலத் தட்டுப்பாட்டில் உணவு உற்பத்தியைப் பெருக்கும்படி சர்க்கார் பிரசாரம் செய்த நாளில், கொல்லையில் அவரைப் பந்தல் போட்ட ஜனங்களுக்கு மண்வெட்டியைத் தவிர வேறு உபகரணம் வேண்டியிருக்கவில்லை என்பதும் இந்தக் கிருகஸ்தர்கள் செவியில் ஏறுவதில்லை. முளைக்கீரை மட்டும் இந்த ஆடம்பரங்களைப் பொருட்படுத்தாமல் மூன்று, நான்கு வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடுகிறது. அப்போது அந்த ஒரு கட்டின் அடக்கவிலையைக் கணக்கிட்டுப் பார்க்கும் குடும்பத் தலைவர், அதை மசியலாக்குவதா அல்லது பாங்கியின் இரும்புப் பெட்டகத்தில் வைத்துவிடுவதா என்று நெடுநேரம் ஆலோசிக்க வேண்டியவராகிறார்.