குயிலு ஒன்னைக் கூப்பிடலய்யா

எய்யா பேராண்டி, ஊரடங்குல நீ எழுதின கவிதைப் பொஸ்தகத்தை முழுசா வாசிச்சுட்டேன். அட்டை நல்ல வழவழப்பு.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரை அடைச்சாங்க. ஏப்ரல்லயே ஒனக்குக் குயிலு சத்தம் கேட்டுருச்சு. மனுசன் அடங்கினதும் இயற்கை பேச ஆரம்பிச்சிட்டுன்னு நாலு பக்கத்துக்கு உருகியிருக்க. அட கூறுகெட்டவனே, பங்குனி சித்திரைன்னா குயிலு கூவத்தான் செய்யும். அது பொட்டைக் குயிலைக் கூப்பிடுது, ஒன்னை இல்ல. வண்டிச் சத்தத்துல ஒன் காது அடைச்சுக் கெடந்தா அது என்ன பண்ணும்?

ஒரு பக்கத்துல ‘பெயரறியாப் பூ’. இன்னொண்ணுல ‘ஏதோ ஒரு பறவை’. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூவைப் பேர் சொல்லி வச்சிட்டுப் போயிருக்காரு. நம்ம ஓடைக்கரையில மஞ்ச மஞ்சேர்னு நிக்கிற ஆவாரம்பூவும் அதுல உண்டு. அவருக்கு எந்த நோய் வந்து லீவு விட்டுச்சு?

மல்லிகையைப் பாடியிருக்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. அந்தச் சித்திரையில கோயில் நடை சாத்திக் கெடக்கு, மண்டபத்துல கல்யாணம் இல்ல, பூ மார்க்கெட்டும் இல்ல. பறிகூலிக்குக்கூடக் கட்டாதுன்னு சம்சாரி பூவைச் செடியிலயே விட்டுட்டான். அது அங்கேயே வாடி உதிர்ந்துச்சு. நீ என்ன எழுதின? பறிக்க ஆளில்லாமப் பூவெல்லாம் விடுதலை ஆயிருச்சாம்! பூவுக்கு விடுதலைதான்யா. வட்டிக்காரன் சம்சாரியை விடலயே.

தெருமுக்குல அண்டா வச்சு ஊத்துன கபசுரக் குடிநீரை மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுக் குடிச்சியே, நெனப்பிருக்கா? சுக்கு, திப்பிலி, நெலவேம்பு, சீந்தில், ஆடாதோடைன்னு 15 சரக்கு அதுல. நோயை அது வெரட்டுச்சாங்கறதை வைத்தியருங்க பேசிக்கிடட்டும். அந்த ஆடாதோடை, நீ தெனமும் பைக்கைச் சாய்க்கிற வேலியிலதான் நிக்குது. கசப்புக்கு ஆடு அதுல வாய் வைக்காது. கவிஞரு கண்ணும் வைக்கல.

ரெண்டாவது தொகுதி வேற வருதாமே. வரட்டும், வேண்டாங்கல. அதுக்கு முன்னால வேலிக்குப் போயி, ஆடாதோடைப் பூ என்ன நெறம்னு பாத்துட்டு வந்து சொல்லு. செல்லுல தேடிப் பாத்துச் சொன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும், ஆமா.