மூன்றாவது பின் எங்களுக்கு எதற்கு?

அனுப்புநர்: வீட்டு வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் குடும்பத் தலைவர்கள்
பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி
பொருள்: தங்கள் தரநிலைகளை எங்கள் பழக்கத்துக்கு ஏற்பத் திருத்தக் கோருதல் – தொடர்பாக

ஐயா,

1947இல் ஐ.எஸ்.ஐ. என்று தொடங்கி, 1987இல் பெயரை மாற்றிக்கொண்டது வரை, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் மனக்குறை.

பிளக்கையே எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ். 1293 என்று எண் போட்டு, எர்த் பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாக, பருமனாக வைத்திருக்கிறீர்கள். செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பது தங்கள் கணக்கு. ஷட்டர் வைத்த சாக்கெட்டில் அந்தப் பின் உள்ளே போனால்தான் கீழ்த் துளைகள் இரண்டும் திறக்குமாம். குழந்தை கம்பியை விட்டுவிடக் கூடாதாம். எங்கள் பிள்ளைகளுக்கு அதைத் திறக்க நாலு வயதிலேயே தெரியும். அப்பாவைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்கின்றன? மேல் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு அழுத்த வேண்டியது, வயரின் இரு முனைகளையும் சீவி உள்ளே விட வேண்டியது, நழுவாமல் ஆளுக்கொரு தீக்குச்சி செருக வேண்டியது. கல்யாண வீட்டு சீரியல் செட்டே இப்படித்தான் எரிகிறது. ஆகவே, தீக்குச்சிக்கு ஒரு தரநிலை உடனே தேவை. இப்போது வருவது ரொம்பக் குட்டை.

6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று சாக்கெட்டில் சாதி பிரித்து வைத்ததும் எங்களுக்கு உடன்பாடில்லை. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறதென்றால் இழுத்துவிட்டுப் போகட்டும். கன்வெர்ட்டர் பிளக் போட்டு 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியாயிற்று. பாக்ஸ் லேசாகச் சுடும். குளிர்காலத்தில் அது நல்லதுதான்.

டெஸ்டர் விஷயம் தனி. பெயின்ட் டப்பா மூடியை நெம்ப, கதவுத் தாழ்ப்பாளைத் தட்ட, மிக்ஸி ஜாரில் ஒட்டியதைச் சுரண்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். உள்ளே இருக்கும் நியான் பல்பு எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும்? ஃபேனைக் கழற்றும் முன் வைத்துப் பார்ப்போம். எரியாது. "கரண்ட் இல்லை" என்று கீழே நாற்காலியைப் பிடித்திருப்பவளிடம் அறிவிப்போம். கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு சாக்கெட்டில் முதலில் வைத்துப் பார்க்கலாமே என்று அவள் கேட்பாள். மெயினையாவது அணையுங்களேன் என்பாள். அணைத்தால் கிரிக்கெட் போய்விடாதா?

துளை போடும் முன் வயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேதான் ஏறும், எங்களுக்கும் தெரியும். ஆனால் முருகன் படம் மாட்ட வீட்டில் அதைவிட எடுப்பான இடம் இல்லை. சாமி காரியத்துக்கு டிரில் பிடிப்பவனைக் கரண்ட் தொடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டாம். சீலிங்கில் துளைக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறோம்.

ஃபியூஸ் போனால் பழைய வயரை உரித்து நாலு இழை முறுக்கிப் போட்டுவிடுகிறோம். அதன்பிறகு ஃபியூஸ் போனதே இல்லை. சுவருக்குள் இருக்கும் வயர்தான் போகிறது.

எனவே, மேற்படி பழக்கங்களுக்கெல்லாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இதுவரை உயிரோடிருக்கும்
தங்கள் உண்மையுள்ள
குடும்பத் தலைவர்கள்

பி.கு.: 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் அந்த ஆர்.சி.சி.பி. நேற்றிலிருந்து நிற்க மாட்டேன் என்கிறது. எலக்ட்ரீஷியனோ, "எங்கேயோ எர்த் லீக் ஆகுது சார், தேடணும்" என்று இழுக்கிறார். டைரக்ட் கொடுக்கச் சொன்னோம். முடியாது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்களே கொடுத்துவிடுவோம்.