உறுமுற ஜீப்பும் ஊரு வைத்தியமும்

வா மாப்ள, உக்காரு. நீ வர்றதுக்கு முன்னாடியே உன் ஜீப்பு சத்தம் வந்து சேந்துருச்சு. நாய் வித்த காசு குரைக்காதும்பாங்க. உனக்கு இந்தப் பழைய கமாண்டரை வித்தவன் கையில இருக்கிற காசும் உறுமாது. உறுமுற பங்கு பூரா உனக்குத்தான்.

டீக்கடையில ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல, நீயும் ஒண்ணு விடாமப் பண்ணிப்புட்டியாம். வீல் பேரிங் மாத்தியாச்சு, கிளட்ச் பிளேட்டு மாத்தியாச்சு, ஷாஃப்ட் கிராஸும் மாத்தியாச்சு. கடைசியா ஒருத்தன் பெரிய ஸ்பீக்கரா மாட்டச் சொன்னானாமே, அவன்தான்யா கெட்டிக்காரன். இருந்த வைத்தியத்துல அது ஒண்ணுலதான் கொஞ்சம் குணம் தெரிஞ்சிருக்கும்.

சத்தம் எங்கேருந்து வருதுன்னே எல்லாரும் தேடுறீக. இரும்புச் சேஸ்ல சத்தம் ஊருக்கே ஓடும் மாப்ள. பின்னாடி டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ள அரைச்சாலும் உன் சீட்டுக்கடியில கேக்கும். எப்பெப்ப வருதுன்னு மொதல்ல கவனி.

ஆளில்லாத நேர் ரோட்டுல, சத்தம் வர்ற வேகத்துக்குப் போயி நியூட்ரல்ல உருள விடு. இன்ஜின் அடங்குன பிறகும் அதே சுதியில பாடிக்கிட்டு வந்தா, இன்ஜினும் கிளட்சும் ஒரு பாவமும் செய்யல. சக்கரம், ஷாஃப்ட், கூடு, இதுக்குள்ளதான் களவாணி இருக்கான். போடிமெட்டு இறக்கத்துல போயி இந்தச் சோதனைய வச்சுக்காத. உன் வீட்டுக்காரிக்கு என்னால பதில் சொல்ல முடியாது.

நின்ன வண்டியில கிளட்சை மிதிச்சா சத்தம் வருதுன்னா ரிலீஸ் பேரிங். மிதிச்சா அடங்குதுன்னா கியர் பாக்ஸ் முன் பேரிங். மத்த கியர்ல எல்லாம் ஊளையிட்டு, டாப்புல மட்டும் வாய மூடிக்கிச்சுன்னா லே ஷாஃப்ட் பேரிங்கப் பாரு. டாப்புல பாரம் அது மேல ஏறாது. இடதுபக்கம் திரும்பையில சத்தம் கூடுனா வலதுபக்கச் சக்கரம்தான் பாரத்தைத் தாங்குது, அதைச் சந்தேகப்படு. நீ மாத்துனது எந்தப் பக்கம்? சிரிக்காத, சொல்லு.

தார் ரோட்டுல ஒரு சத்தம், சிமிண்டு ரோட்டுல வேற சத்தம்னா அது டயரு. பட்டன் டயரப் போட்டுக்கிட்டு ஊளைச் சத்தம்னு அழக்கூடாது.

மெட்டு ஏறையில ஆக்ஸிலேட்டருக்கு ஊளையிட்டு, காலை எடுத்தா மாறிப்போகுதா? அப்ப கூட்டைப் பாக்கணும். அதுக்குன்னு உடனே பிரிச்சுப் போட்டுறாத. கூட்டுல இருக்கிற பிளக்கைக் கழட்டி விரலை விட்டுப் பாரு, 90 ஆயில் இருக்கான்னு. இரும்புத்தூள் மினுங்குனா விசயம் முத்திருச்சு. கிரவுனும் பினியனும் ஜோடியாப் பொறந்ததுக; ஒத்தையா மாத்தித் தர்றேன்னு எவனாச்சும் சொன்னா சாவியப் புடுங்கிட்டு வந்துரு.

இப்ப உன் கதைக்கு வருவோம். மெதுவாப் போகையில கிரீச் கிரீச்சுன்னு கத்துச்சு, கிராஸ் மாத்துன பிறகு அந்தக் கத்தல் போயி 40க்கு மேல தடதடன்னு அதிருதுங்கிற. பழைய கிராஸு கப்புக்குள்ள செவசெவன்னு துருத்தூளு இருந்துச்சா? இருந்துச்சுல்ல. அப்ப பழைய கிராஸு குத்தவாளிதான். ஆனா புதுசைப் பூட்டுனவன் புதுசா ஒரு குத்தம் பண்ணிவச்சிருக்கான்.

வளைஞ்சு சுத்துற கிராஸு ஒரே சீரா சுத்தாது மாப்ள. ஒரு சுத்துக்குள்ளயே ரெண்டு தரம் வேகம் கூடும், ரெண்டு தரம் குறையும். அந்த ஏத்த இறக்கத்தை அடுத்த முனையில இருக்கிற கிராஸு ஈடுகட்டும். ஷாஃப்டோட ரெண்டு முனை ஃபோர்க்கும் ஒரே நேருல நின்னாத்தான் அந்தக் கணக்கு ஒத்துப்போகும். நடுவுல உருவிப் போடுற ஸ்ப்ளைன் சிலீவு இருக்கே, அதுல ஒரு பல்லு தப்பிப் பூட்டுனாலும் கணக்கு கெட்டுப்போகும். அதிர்வு நிக்காது, புது கிராஸும் சீக்கிரமே பழசாகும்.

வில்லிஸ் ஜீப்ப மகிந்திரா அந்தக் காலத்துலயே இங்க பூட்ட ஆரம்பிச்சிருச்சு. அந்த வம்சத்து வண்டி இது. ஷாஃப்ட் வெளிய தெரியிற மாதிரிதான் தொங்குது. கம்ப்யூட்டர் எதுவும் வேணாம், குனிஞ்சு பாக்க மனசிருந்தாப் போதும். உனக்கு வயிறு இடிக்குமேங்கிறதுதான் என் கவலை.

விடிஞ்சதும் சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கல்லு வச்சு, நியூட்ரல்ல போட்டுட்டுக் கீழ நுழை. கிராஸுக்கு ரெண்டு பக்கமும் பிடிச்சு எதிரும் புதிருமாத் திருகு. ரெண்டும் தனித்தனியா ஆடுனா கிராஸு லூசு. ஷாஃப்டே மொத்தமா அசைஞ்சு உள்ள டொக்குன்னு தட்டுனா, கூட்டுக்குள்ள பல்லு தேஞ்சிருக்கு. ரெண்டுமில்லேன்னா சிலீவுலயும் ஷாஃப்டுலயும் இருக்கிற அம்புக்குறி ரெண்டும் நேரா நிக்குதான்னு பாரு. நேரா இல்லேன்னா உருவித் திருப்பிப் பூட்டச் சொல்லு. குறி அழிஞ்சிருந்தா ஃபோர்க்கைப் பாத்து நேராக்கிட்டு, புதுசா ஒரு கோடு வெட்டிக்க. நிப்பிள்ல கிரீஸும் அடிச்சுரு.

இதுக்கு எந்தச் சாமானும் வாங்க வேண்டியதில்ல. கூலின்னு கிராஸப் பூட்டுனவன் கைய நீட்டுனா ஒத்தப் பைசா குடுக்காத.